கடைமடைப் பிள்ளைகளும் கல்லூரி வாசலும்

(சோழவந்தானில் பிளஸ் டூ மாணவர்கள், பெற்றோர், ஆசிரியர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சோழவந்தான்காரர்களுக்குக் கல்லூரி எட்டாத தூரத்தில் இல்லை. பக்கத்துத் திருவேடகத்தில் விவேகானந்தா கல்லூரி 1971 முதல் நடக்கிறது. ரயிலேறினால் மதுரை. அங்கே 1881-ல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி இருக்கிறது. 1954-ல் வந்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1957-ல் வந்த தியாகராசர் பொறியியல் கல்லூரி இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருக்கும் கல்லூரிகளுக்குள் யார் போகலாம், யார் போகக்கூடாது என்று எதை வைத்துத் தீர்மானிக்கிறோம்? இதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

மூன்று மணி நேரம் நடக்கும் ஒரே தேர்வின் மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளையின் எதிர்காலத்தை முடிவு செய்வது சரியா என்று உலகம் முழுக்கக் கேட்கிறார்கள். அதற்கு மாற்று என்ன என்றும் கேட்கிறார்கள். வெளிநாட்டுக்குப் போகும் முன்னால் நம் மாநிலத்தைப் பார்ப்போம். கடந்த அறுபது ஆண்டுகளில் தமிழ்நாடு இதில் நான்கு வழிகளில் நடந்தே பார்த்துவிட்டது. ஒவ்வொன்றிலும் நமக்குப் பாடம் இருக்கிறது.

முதல் வழி, மாவட்டக் கணக்கும் நேர்காணலும். 1960-களில் மருத்துவக் கல்லூரி இடங்களை மக்கள்தொகை விகிதப்படி மாவட்டங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். பின்தங்கிய மாவட்டத்துப் பிள்ளைக்கும் இடம் கிடைக்கும் என்பது எண்ணம். 1968-ல் உச்ச நீதிமன்றம் ராஜேந்திரன் வழக்கில் அதை ரத்து செய்தது. ஒரு மாவட்டத்தில் குறைந்த மதிப்பெண் எடுத்தவர் உள்ளே போகிறார், பக்கத்து மாவட்டத்தில் கூடுதலாக எடுத்தவர் வெளியே நிற்கிறார், இது சமத்துவத்துக்கு ஒவ்வாது என்றது தீர்ப்பு.

அந்தக் காலத்தில் நேர்காணலுக்கென்று தனியாக 75 மதிப்பெண் இருந்தது. விளையாட்டு, என்.சி.சி., சமூகத் தொண்டு, உடல் திடம், பொது அறிவு, தொழிலுக்கேற்ற மனப்பாங்கு என்று பல தலைப்புகள். இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பிள்ளையை முழு மனிதராகப் பார்க்கிறோம் என்று சொல்லிச் செய்வதும் ஏறக்குறைய இதுதான். கேட்க அழகாக இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆயிற்று? 1970-ல் பெரியகருப்பன் வழக்கு உச்ச நீதிமன்றம் போனபோது, தலைப்புவாரியாகப் பிரித்துப் போட வேண்டிய மதிப்பெண்ணை மொத்தமாகப் போட்டிருந்தது வெளியே வந்தது. எழுத்துத் தேர்வில் பின்தங்கியவர்கள் நேர்காணலில் மேலே ஏறியிருந்தார்கள். நான்கு பேர் எதிரே உட்கார்ந்து சில நிமிடம் பேசிப் பார்த்துப் போடும் மதிப்பெண் யாருக்கு உதவும்? சட்டை மடிப்புக் கலையாமல், ஆங்கிலம் தடுமாறாமல், அப்பாவின் பெயரைச் சொன்னாலே அடையாளம் தெரியும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்குத்தான் உதவும். மாற்று என்ற பெயரில் எது வந்தாலும் ஏழைக்கு நல்லதென்று நாம் நம்பிவிடக் கூடாது. இது முதல் பாடம்.

இரண்டாவது வழி, நுழைவுத் தேர்வு. 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்தது. பிளஸ் டூ மதிப்பெண் 200-க்கு, நுழைவுத் தேர்வு 100-க்கு, ஆக 300-க்குக் கட்-ஆஃப் போட்டார்கள். சிபாரிசுக்கும் நேர்காணல் அறையின் ரகசியத்துக்கும் அது முடிவு கட்டியது உண்மை. எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள், எல்லாருக்கும் ஒரே விடைக்குறிப்பு. ஆனால் சில ஆண்டுகளிலேயே நுழைவுத் தேர்வுக்கென்று பயிற்சி மையங்கள் முளைத்தன. மதுரையில் அறை எடுத்துத் தங்கிக் கோச்சிங் போக முடிந்தவர்களுக்கும், கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிவிட்டுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கும் இடையில் அந்த 100 மதிப்பெண் பெரிய பள்ளமாகிவிட்டது.

ஜெயலலிதா அரசு 2005-லும் 2006-லும் நுழைவுத் தேர்வை நீக்கப் பார்த்தது. இரண்டும் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அடுத்து வந்த கருணாநிதி அரசு அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்தது. குழு தரவுகளைத் திரட்டிக் காரணங்களை எழுதிக் கொடுத்தது. அதன் மேல் சட்டம் இயற்றினார்கள். 2007 மார்ச்சில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. உயர் நீதிமன்றத்திலும் அந்தச் சட்டம் நின்றது. நல்ல எண்ணம் மட்டும் இருந்த இரு முயற்சிகள் விழுந்தன. ஆதாரத்தோடு வந்தது நின்றது. இது இரண்டாவது பாடம்.

மூன்றாவது வழி, பிளஸ் டூ மதிப்பெண் மட்டும். பொறியியலுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200-க்குக் கட்-ஆஃப். மருத்துவத்துக்குக் கணிதத்தின் இடத்தில் உயிரியல். சி.பி.எஸ்.இ. போன்ற பிற வாரியத்தாருக்கு என்ன செய்வது என்பதற்கும் சட்டத்திலேயே வழி சொன்னார்கள். ஒவ்வொரு வாரியத்திலும் ஒரு பாடத்தில் வந்த முதல் மதிப்பெண்ணை ஒன்றுக்கொன்று சமமாக வைப்பது. மாநில வாரியத்தில் இயற்பியலில் முதல் மதிப்பெண் 100, வேறொரு வாரியத்தில் 90 என்றால், அந்த 90-ம் 100-ஆகக் கொள்ளப்படும். அங்கே 60 எடுத்தவருக்கு 66.66 கிடைக்கும். மதிப்பெண்ணை அது விளைந்த இடத்தோடு சேர்த்துப் படிக்கலாம் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் இது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்திருங்கள்.

இந்த வழியில் நடந்த பத்தாண்டில் எத்தனையோ கிராமத்து வீடுகளில் முதல் பொறியாளர் உருவானார், முதல் மருத்துவர் உருவானார். 2010 முதல் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகையும் சேர்ந்தது. 2021-22 கணக்கெடுப்பில் உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் இந்திய அளவில் 28.4, தமிழ்நாட்டில் 47. பள்ளி மதிப்பெண்ணை நம்பிக் கதவைத் திறந்துவிட்டதும் இதற்கு ஒரு காரணம் என்பது என் துணிபு.

ஆனால் இந்த வழியும் குறையற்றதில்லை. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டும் உருப்போட வைத்த பள்ளிகள் பெருகின. மதிப்பெண் பண்ணைகள் என்றே அவற்றுக்குப் பெயர் வந்தது. அங்கே கட்டணம் கட்டி விடுதியில் சேர்த்தவர்களின் பிள்ளைகள் பட்டியலின் உச்சியில் இடம் பிடித்தார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரி அப்போதும் எளிதாகக் கிட்டவில்லை. எந்த அளவுகோலை வைத்தாலும் காசுள்ளவர்கள் அதற்கேற்ற பயிற்சியை வாங்கிக்கொள்வார்கள். இது மூன்றாவது பாடம்.

நான்காவது வழியில் இப்போது நடந்துகொண்டிருக்கிறோம். 2017 முதல் மருத்துவத்துக்கு நீட் என்ற தேசிய நுழைவுத் தேர்வு கட்டாயமாயிற்று. அந்த ஆண்டு அரியலூர் மாவட்டம் குழுமூர் மாணவி அனிதா பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்திருந்தார். பழைய கணக்கில் அவருடைய கட்-ஆஃப் 196.75. நீட்டில் கிடைத்தது 720-க்கு 86. உச்ச நீதிமன்றம் வரை போய்ப் போராடிய அந்தப் பிள்ளையை 2017 செப்டம்பர் 1 அன்று இழந்தோம். ஒரே பிள்ளை, ஒரே ஆண்டு, இரண்டு அளவுகோல். ஒன்று உச்சியில் வைக்கிறது, இன்னொன்று தகுதியே இல்லை என்கிறது. அப்படியானால் சோதிக்க வேண்டியது பிள்ளையை மட்டுமா?

நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-ல் கொடுத்த அறிக்கையைப் பெற்றோர்கள் அறிந்திருக்க வேண்டும். 2016-17-ல் மருத்துவம் சேர்ந்தவர்களில் ஒரு முறைக்கு மேல் முயன்று வந்தவர்கள் 12.47 விழுக்காடு. 2020-21-ல் அவர்கள் 71.42 விழுக்காடு. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு சேர்ந்தவர்கள் சிறுபான்மை ஆகிவிட்டார்கள். ஓராண்டோ ஈராண்டோ வருமானமில்லாமல் வீட்டில் உட்கார்ந்து கோச்சிங் போக எந்தக் குடும்பத்தால் முடியும்? நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் வீட்டால் முடியுமா? தமிழ் வழியில் படித்தவர்களின் பங்கும் இதே காலத்தில் சரிந்ததை அந்த அறிக்கை காட்டியது.

ஒரே தேர்வு என்றால் நேர்மை உறுதி என்றார்கள். 2019-ல் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் ஆள்மாறாட்ட வழக்கு வெடித்தது. 2024-ல் வினாத்தாள் கசிந்ததை உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது, தேர்வை ரத்து செய்யவில்லை என்றாலும். தகுதி உறுதி என்றார்கள். 2023-ல் இடங்கள் காலியாகக் கிடந்ததால் முதுநிலை நீட்டின் தகுதிச் சதமானத்தைப் பூஜ்யமாகவே இறக்கினார்கள். இடம் மிஞ்சினால் இறங்கும் கோட்டைத் தகுதியின் கோடு என்று எப்படிச் சொல்வது?

நீட்டிலிருந்து விலக்குக் கேட்டு நம் சட்டமன்றம் 2021 செப்டம்பரில் மசோதா நிறைவேற்றியது; ஆளுநர் திருப்பி அனுப்ப, 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேற்றியது. ஒப்புதல் மறுக்கப்பட்டதை 2025 ஏப்ரலில் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். அந்தப் போராட்டம் தொடரட்டும். ஆனால் அது முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பதை 2020-லேயே தமிழ்நாடு காட்டிவிட்டது.

அதுதான் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. நீதிபதி கலையரசன் குழுவின் பரிந்துரையில் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் தங்களுக்குள் போட்டியிடுவார்கள். கைவிரலில் எண்ணும் அளவுக்கே அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவம் போன நிலை மாறி, முதல் ஆண்டிலேயே மருத்துவம், பல் மருத்துவம் சேர்த்து நானூறு இடங்களுக்கு மேல் அவர்களுக்கு ஒதுங்கியது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. கட்டணத்தை அரசே ஏற்கிறது. 2022-ல் உயர் நீதிமன்றம் இது செல்லும் என்றது.

இது ஏன் பலித்தது? மதிப்பெண்ணைத் தூக்கி எறியவில்லை. நேர்காணல் அறைக்குள் யாரையும் அனுப்பவில்லை. ஒரே மாதிரிப் பள்ளியில், ஒரே மாதிரி வசதியில் படித்தவர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டார்கள். அவ்வளவுதான்.

நம் ஊர் விவசாயிக்கு இது புதிதல்ல. வைகையின் பேரணையில் திறக்கும் தண்ணீர் பெரியாறு பிரதான கால்வாயில் இறங்கிக் கள்ளந்திரி வரை இருபோகம் விளைவிக்கிறது. அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம்தான். அங்கே தண்ணீர் போய்ச் சேருவதே சில ஆண்டுகளில் போராட்டம். இருபோக வயலில் ஏக்கருக்கு நாற்பது மூட்டையும், கடைமடையில் முப்பத்தைந்து மூட்டையும் கண்டால், யார் கெட்டிக்கார விவசாயி என்று இங்கே இருக்கும் எந்தப் பெரியவரும் தயங்காமல் சொல்லிவிடுவார். கடைமடையில் முப்பத்தைந்து எடுத்தவன்தான் என்பார். களத்துமேட்டில் நமக்குத் தெரியும் இந்த நியாயம் கல்லூரிச் சேர்க்கையில் மட்டும் ஏன் மறந்துபோகிறது?

இந்த நியாயத்தை வேறு இடங்களிலும் சட்டமாக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1997-ல் ஒரு சட்டம் செய்தது. மாநிலத்தின் ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் முதல் பத்து விழுக்காட்டில் வரும் பிள்ளைக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் நேரடி இடம். பணக்கார நகரத்துப் பள்ளியானாலும் எல்லையோரத்து ஏழைப் பள்ளியானாலும் அதே பத்து விழுக்காடு. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் பின்தங்கிய மாவட்டங்களிலிருந்து வந்தவர்களுக்குக் கூடுதல் புள்ளி கொடுக்கும் முறையை 1983-ல் கைவிட்டு, 1994-ல் திரும்பக் கொண்டுவந்தது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் போனால் அது நேர்மையாகாது. 1970-களில் இலங்கையில் தரப்படுத்தல் வந்தது. மொழிவாரியாக மதிப்பெண்ணைச் சரிக்கட்டியதில், அதே மருத்துவ இடத்துக்குத் தமிழ் வழியில் எழுதிய மாணவர் சிங்கள வழி மாணவரைவிடக் கூடுதலாக எடுக்க வேண்டியிருந்தது. பின்னர் மாவட்டக் கோட்டா வந்தபோது பின்தங்கிய மாவட்டங்கள் சில பயன்பெற்றன; ஆனால் முதலில் பட்ட காயம் ஆறவில்லை. ஒரு தலைமுறையின் கசப்புக்கு அதுவும் வித்திட்டது. பின்புலத்தைப் பார்க்கிறோம் என்று சொல்லி இனத்தைப் பார்த்தால் விளைவு அதுதான். எந்தப் புள்ளி எதற்கு என்பது ஊரறிய எழுதி வைக்கப்பட வேண்டும். படித்த பள்ளி, வீட்டு வருமானம் போன்ற சரிபார்க்கக்கூடிய சான்றுகளின் மேல் நிற்க வேண்டும்.

தேர்வே வேண்டாம் என்கிறீர்களா என்று கேட்பீர்கள். இல்லை. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் 2021-ல் எஸ்.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைப் பார்ப்பதை அடியோடு விட்டது. எம்.ஐ.டி. 2022-ல் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. வசதியில்லாத பள்ளியில் படித்த திறமைசாலியைக் கண்டுபிடிக்கத் தேர்வு உதவுகிறது என்று காரணம் சொன்னது. இரண்டிலும் உண்மை இருக்கிறது. கொரோனாவால் 2021-ல் நம் பிளஸ் டூ தேர்வு ரத்தானபோது பத்தாம் வகுப்புக்கு 50, பதினொன்றுக்கு 20, பன்னிரண்டின் செய்முறைக்கும் அக மதிப்பீட்டுக்கும் 30 என்று கணக்கிட்டு மதிப்பெண் கொடுத்தோம். பல ஆண்டு உழைப்பைச் சேர்த்துப் பார்க்க முடியும் என்பதை நெருக்கடி நமக்குக் கற்றுத் தந்தது. அந்த அனுபவத்தை நாம் மறந்துவிட்டோம்.

தேர்வைப் பயன்படுத்தும் விதத்தையும் மாற்றலாம். சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய இணையவழி டேட்டா சயின்ஸ் படிப்புக்கு ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு தேவையில்லை. விண்ணப்பித்தவர்களுக்கு முதலில் நான்கு வாரம் பாடம் நடத்துகிறார்கள். நடத்திய பாடத்திலேயே தகுதித் தேர்வு வைக்கிறார்கள். தேறியவர்கள் உள்ளே வரலாம். முன்பே எங்கேயோ காசு கொடுத்துக் கற்றதைச் சோதிக்காமல், தாங்களே கற்றுக்கொடுத்ததை எவ்வளவு பிடித்துக்கொள்கிறார் என்று பார்க்கிறார்கள். பிள்ளையின் திறமையைக் காண இதைவிட நாணயமான வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கட்-ஆஃப்பில் கால் மதிப்பெண் வித்தியாசத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் நிற்கிறார்கள். 196.5 எடுத்தவர் 196.25 எடுத்தவரைவிடத் திறமைசாலி என்று எந்த ஆசிரியராவது நெஞ்சில் கைவைத்துச் சொல்வாரா? பொறியியல் கலந்தாய்வில் எல்லா மதிப்பெண்ணும் பிறந்த தேதியும்கூடச் சமமாக வந்துவிட்டால் ரேண்டம் எண்தான் முடிவு செய்கிறது. நெதர்லாந்து 1972 முதல் நெடுங்காலம் மருத்துவ இடங்களைக் குலுக்கல் முறையில் கொடுத்தது. மதிப்பெண் கூடியவருக்குக் குலுக்கலில் வாய்ப்பும் கூடும். சோழர் காலத்து உத்திரமேரூரில் ஊர்ச்சபைக்கு ஆளெடுக்க முதலில் தகுதி பார்த்தார்கள், தேறியவர்களின் பெயரைக் குடத்தில் போட்டு எடுத்தார்கள். கால் மதிப்பெண்ணில் பின்தங்கிய பிள்ளையை முட்டாள் என்று சொல்லாதீர்கள். அந்த இடத்தில் பேசுவது திறமை அல்ல.

ஆக, என் முடிவை நேராகவே சொல்கிறேன். மதிப்பெண்ணுக்கு மாற்று மதிப்பெண்ணை ஒழிப்பதில் இல்லை. அதை அந்தப் பிள்ளை படித்த பள்ளியோடு சேர்த்துப் படிப்பதில் இருக்கிறது. அரசு செய்ய வேண்டியவை மூன்று.

ஒன்று, தரவரிசைப் பட்டியலில் மாநில அளவிலான இடத்தோடு, தன் பள்ளிக்குள் அந்தப் பிள்ளை எந்த இடத்தில் நின்றது என்பதையும் சேர்த்து, அதற்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். வாரியங்களுக்கு இடையே முதல் மதிப்பெண்ணைச் சமப்படுத்தத் தெரிந்த நமக்குப் பள்ளிகளுக்கு இடையே அதைச் செய்யத் தெரியாதா?

இரண்டு, 7.5 விழுக்காட்டின் ஓரத்தில் தவறி விழும் பிள்ளைகளைக் கவனிக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளியில் அதே ஏழ்மையில், அதே தமிழ் வழியில் படித்த பிள்ளை இன்று வெளியே நிற்கிறது. உண்டு, இல்லை என்று ஒரே கோடு போடுவதற்குப் பதிலாக, பள்ளி வகை, பயிற்று மொழி, முதல் பட்டதாரியா என்பது, வருமானம் என்று படிப்படியாகப் புள்ளி கொடுக்கலாம்.

மூன்று, உள்ளே விட்டதோடு கடமை முடிந்ததென்று இருக்கக் கூடாது. தமிழ் வழியில் படித்துவிட்டு முதலாண்டு வகுப்பில் ஆங்கிலப் புத்தகத்தைப் பிரித்ததும் திகைக்கும் பிள்ளைக்குக் கல்லூரி கைகொடுக்க வேண்டும். முதல் பருவத்தில் அரியர் விழுந்தால் அதை அந்தப் பிள்ளையின் தகுதிக் குறைவு என்று எழுதிவிடாமல், தனி வகுப்பு வைத்துத் தூக்கிவிடுவதுதான் கல்லூரியின் வேலை.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். இருக்கும் வழிகளை விட்டுவிடாதீர்கள். முதல் பட்டதாரிச் சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லாவற்றையும் முடிவு வரும் முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்ததற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் கேட்டுப் பெறுங்கள். கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது கம்ப்யூட்டர் கடைக்காரர் கையில் விட்டுவிடாமல், விவரம் தெரிந்த ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே செய்யுங்கள். ஆசிரியப் பெருமக்களே, கலந்தாய்வு முடியும்வரை மாலையில் ஒரு மணி நேரம் இதற்காகப் பள்ளியில் உட்காருங்கள். இந்த ஊரிலிருந்து தகுதியுள்ள ஒரு பிள்ளைகூட, கேட்க ஆளில்லாமல் கல்லூரி வாசலில் நின்று திரும்பிவிட்டது என்ற பேச்சு இந்த ஆண்டு வரக்கூடாது. அதை நாம் எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்.